மார்தா கெலெமென் கேட்ட டிரா

1983. மலேசியாவின் ஜார்ஜ் டவுன் மண்டபத்தில் இருபது சதுரங்கப் பலகைகள். ஹங்கேரி கிராண்ட்மாஸ்டர் மார்தா கெலெமென் தனி ஆளாக இருபது பேருடனும் ஆடிக்கொண்டிருந்தார்.

புடாபெஸ்ட் டிராம் ஓட்டுநரின் மகள். பெண்கள் போட்டியோடு நின்றுகொள் என்று சதுரங்கச் சங்கத்தார் சொன்னதைக் கேட்காமல், ஆண்களோடு இருபது வருடம் தோற்றும் வென்றும், நாற்பத்தோரு வயதில் பட்டம் வாங்கியவர். இப்போது ஐம்பதைத் தாண்டியிருந்தார். கால் வீங்கியதால் ஷூவைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு பலகை பலகையாக நடந்தார். எங்கும் அரை நிமிடத்துக்கு மேல் நிற்கவில்லை.

பதினோராவது பலகையில் இன்சூரன்ஸ் ஆபீஸ் கிளார்க் பத்மாவதி. பக்கத்துப் பலகையில் அம்பிகைபாகன், சதுரங்கக் கிளப்பில் பழகி அவள் மனத்தில் இடம் பிடித்தவன். அவனுடைய அக்கா வள்ளிநாயகி கடலுக்கு அக்கரையில் இருக்கும் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து பெண் பார்க்க வந்திருந்தாள். அவள் சரி என்றால்தான் கல்யாணம்.

அம்பிகைபாகன் பத்தொன்பதாவது நகர்த்தலில் தோற்று எழுந்தான். பத்மாவதிக்கோ ஒரு சிப்பாய் கூடுதல். அங்கே மட்டும் மார்தா இரண்டு நிமிடம் நின்றார். பிறகு கையை நீட்டி, "டிரா?" என்றார்.

வள்ளிநாயகி பின்னாலிருந்து குனிந்தாள். "கையக் கொடுத்துட்டு எழுந்திரும்மா. அவ்ளோ பெரிய ஆளு கேக்குறாங்க. தம்பி வேற தோத்துட்டு நிக்குது. பொண்ணு இவ்ளோ வீம்பு பிடிச்சா எப்படி லா?"

பத்மாவதி திரும்பி அம்பிகைபாகனைப் பார்த்தாள். அவன் கண் அவள் பலகையைவிட்டு நகரவில்லை. இப்படி வெறுங்காலோடு நடந்து ஆடுகிற மார்தாவிடம் பாதியில் எழுந்து போவதுதான் மரியாதைக் குறைவு என்று அவளுக்குத் தோன்றியது.

"மன்னிக்கணும் மேடம், ஆடலாம்," என்றாள் ஆங்கிலத்தில்.

மார்தா சிரித்தார். அதன்பிறகு அவர் ஆடியதுதான் ஆட்டம். யானையைக் கொடுத்துக் குதிரையை வாங்கினார். ராஜாவையே நடுப்பலகைக்கு நடத்தி வந்தார். முதலில் அந்தக் கூடுதல் சிப்பாய் போயிற்று, கடைசியில் ஆட்டமும் போயிற்று.

மற்றவர்கள் எல்லாரும் ஆடி முடித்திருந்தார்கள். மார்தா ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "பயம் வந்தால்தான் நான் டிரா கேட்பேன். என்னை நன்றாக வேலை வாங்கிவிட்டாய்," என்று, டிரா கேட்டபோது இருந்தபடியே காய்களை மறுபடி அடுக்கினார்.

"இப்ப திருப்தியா?" என்றாள் வள்ளிநாயகி. "அப்பவே டிரா வாங்கிருக்கலாம்."

"நானும் தோத்தேன், பத்மாவும் தோத்தாச்சு. இதவிடப் பொருத்தம் எங்க பாப்பீங்க, அக்கா?" என்றான் அம்பிகைபாகன்.

வள்ளிநாயகிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "போடா! எனக்கு ஃபெரிக்கு நேரமாச்சு. ஞாயித்துக்கிழமை இவள வீட்டுக்குக் கூட்டிட்டு வா. அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

பத்மாவதி அதைக் கேட்டாளோ என்னவோ, மார்தா யானையை வைத்துக் காட்டிய கட்டத்தின் மேல் குனிந்திருந்தாள்.