சேர்த்த மணித்தியாலங்கள்

மகள் துஷாராவுக்குப் பிள்ளைப்பேற்று வயிற்றுக்குத்து தொடங்கிவிட்டது என்று மருமகன் துவாரகன் அழைத்தபோது நான் வேலையில், முதியோர் இல்லத்து இங்கருக்குக் காலுறை போட்டுக்கொண்டிருந்தேன். தொண்ணூறு வயதுக் கால், எப்போதும் வீங்கிக் கிடக்கும். அந்த இறுக்கமான காலுறையைச் சுருக்கம் விழாமல் ஏற்றவேண்டும், பாதியில் விடமுடியாது. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு "ஓம் தம்பி, ஓம்" என்று மட்டும் சொன்னேன். ஒரே டென்மார்க்தான், ஆனால் அவர்கள் டோஸ்ட்ருப்பில், நான் சில்க்போர்க்கில். நடுவில் ஒரு கடல், கடலுக்கு மேலே பாலம். ஆனால் என்னை மறித்தது கடல் இல்லை, என் வீட்டுக்காரர் குலேந்திரன்தான்.

எங்கள் ஆட்களில் மகள் பிள்ளை பெற்றால் தாய் போய் நிற்கவேண்டும். சரக்கு அரைத்துப் பத்தியக்கறி வைப்பது, பிள்ளையைக் காலில் கிடத்தி, கண்ணில் தண்ணீர் படாமல் நெற்றியில் கையை அணைகட்டிக் குளிப்பாட்டுவது, முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழியும்வரை அவளை எழும்ப விடாமல் பார்ப்பது, எல்லாம் தாயின் வேலை. எனக்கு அது வாய்க்கவில்லை. துஷாராவைப் பெற்றபோது அம்மா சாவகச்சேரியில், வழியெல்லாம் சண்டை. இங்கே ஆசுபத்திரியில் எனக்குத் தந்தது குளிர்ந்த பாலும் கறுத்த பாணும். என் பிள்ளைக்கு இப்படி ஆகக்கூடாது என்று அன்றே நினைத்துக்கொண்டேன்.

அதற்காகத்தான் போன மாரி முழுக்க, மற்றவர்கள் சுகமில்லை என்று நின்ற நாளெல்லாம் நான் கூடுதலாக நின்று வேலை செய்தேன். எங்கள் முதியோர் இல்லத்தில் மேலதிக நேரத்தைக் காசாகவும் எடுக்கலாம், சேர்த்துவைத்து லீவாகவும் எடுக்கலாம். நான் சேர்த்தேன். வருட விடுமுறையை ஊருக்குப் போய் முடித்துவிட்டதால் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான். மகளோடு ஒரு மாதம் நிற்கப் போதுமானது.

அப்போதுதான் நியூஜெர்சித் தவராஜா வந்து சேர்ந்தான். ஆள் வரவில்லை, குரல்தான் வந்தது. இவருடைய சித்தப்பாவின் மகன். இவரோ இறைச்சித் தொழிற்சாலையில் முதுகைக் கொடுத்துவிட்டு வேளைக்கே பென்சனில் வந்த மனிசன், பகல் முழுக்கக் குடும்ப வாட்ஸ்அப்பில்தான் சீவியம். கனடா, லண்டன், அமெரிக்கா, டென்மார்க் என்று எல்லாச் சொந்தமும் ஒரே குழுவில். மழை பெய்கிறது என்று ஒருவர் போட்டால், எந்த நாட்டு மழை என்று கேட்டுவிட்டுத்தான் குடை எடுக்கவேண்டும். இவர் கேட்கவில்லை.

"இஞ்சரும், கேட்டீரே? டிப்ஸுக்கும் ஓவர்டைமுக்கும் இனி வரி இல்லையாம். தவராஜா சொல்லுறான், சட்டம் வந்திட்டுதாம்."

"இஞ்சையோ?"

"பின்னை? குழுவில எல்லாரும் கைதட்டி விட்டிருக்கினம். உம்மடை மணித்தியாலத்தைக் காசா மாத்தும். பேரப்பிள்ளைக்குப் பவுனில ஒரு பஞ்சாயுதம் போடலாம். வெறுங்கழுத்தோட முப்பத்தொண்டு செய்யிறதே? லீவு கேட்டா உம்மடை பொறுப்பாளர் லேனா தராமலே விடப்போறா?"

ஒரு கிழமை இதே பாட்டு. நானும் மடைச்சி, அந்தச் சின்னக் கழுத்தை நினைத்துப் பார்த்துவிட்டேன். காசாக மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். சம்பளம் வந்தபோது பாதிக்குக் கிட்ட வரிக்குப் போயிருந்தது. பஞ்சாயுதத்தில் ஒரு ஆயுதத்துக்குக்கூடக் காணாது.

லேனா என்னை இருத்திவைத்து விளங்கப்படுத்தினாள். அது அமெரிக்காவில், தவமணி. இங்கே மேலதிக நேரமும் சம்பளம்தான், உணவகத்துப் பிள்ளைகளின் டிப்ஸுக்குக்கூட வரி உண்டு. அப்படியென்றால் காசைத் திருப்பித் தாறன், என் நேரத்தைத் தா என்று கெஞ்சினேன். காசான நேரம் திரும்பாது என்றாள். சம்பளமில்லாத லீவாவது தா என்றேன். யூலையில் எல்லோரும் விடுமுறையில், நீயும் போனால் இவர்களை யார் குளிப்பாட்டுவது என்று கேட்டாள். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது. கத்திச் சண்டைபிடிக்கக்கூட எனக்கு ஒரு ஆள் கிடைக்கவில்லை.

மருமகனுக்கு லீவு உண்டு, தகப்பன்மாருக்குச் சட்டம் கொடுக்கிறது. அம்மம்மாவுக்குக் கொடுக்கிற சட்டத்தை இன்னும் ஒரு நாட்டிலும் எழுதவில்லை.

பின்னேரம் பெண்பிள்ளை பிறந்தது. இரவு துஷாரா போன் எடுத்தாள். நான் தமிழில் என்ன கேட்டாலும் டேனிஷில் பதில் சொல்லுகிற பிள்ளை அவள். அன்றைக்குத் தமிழில் கேட்டாள்.

"அம்மா, எப்ப வாறீங்கள்?"

"இந்தச் சனி ஞாயிறு வேலை, குஞ்சு. அடுத்த சனி வாறன்."

"எத்தினை நாள் நிப்பீங்கள்?"

"ஞாயிறு பின்னேரம் வரைக்கும்."

பிள்ளை முனகுவது கேட்டது. பிறகு அவள், பரவாயில்லை என்று டேனிஷில் சொன்னாள். அந்தச் சொல் இன்னும் எனக்குள் கிடந்து அறுக்கிறது.

இவர் தவராஜாவுக்கு ஏசி ஏசிக் களைத்துப்போய், கடைசியில் "நான் போய் நிக்கிறன், சரக்கு எப்பிடி அரைக்கிறதெண்டு சொல்லும்" என்றார். தேத்தண்ணிக்குச் சீனி எங்கே என்று கேட்கிற மனிசன். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. சரக்கை நானே அரைத்துப் போத்தலில் போட்டுக் கொடுத்து ரெயில் ஏற்றிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை பிள்ளைக்கு முதல் குளிப்பு. வீடியோவில் எடுங்கோ, நான் பார்த்துச் சொல்கிறேன் என்றிருந்தேன். பத்து மணிக்கு எனக்கு ஓய்வு, அந்த நேரம் எடுக்கச் சொல்லியும் இருந்தேன். பிள்ளைக்கு மணி தெரியுமா? இங்கரைக் குளியலறை நாற்காலியில் இருத்தித் தலையை நனைத்த நேரம் சட்டைப் பையில் போன் அதிரத் தொடங்கியது. கையில் ஈரக் கையுறை. ஒரு கையை எடுத்தாலும் இங்கர் விழுந்துவிடுவேன் என்று பயந்து கத்துவாள்.

"யார் அது?" என்று டேனிஷில் கேட்டாள்.

"என் பேத்தி."

"எடுத்துப் பேசேன்" என்றாள். சொல்லிக்கொண்டே என் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள்.

போன் நின்றது. மறுபடியும் அதிர்ந்தது. நான் இங்கரின் பின்கழுத்தை ஒரு கையில் ஏந்திச் சாய்த்தேன். தண்ணீர்க் குழாயைப் பிடித்த கையின் புறங்கையால் நெற்றியில் அணைகட்டி, கண்ணில் ஒரு சொட்டும் படாமல், மெல்ல மெல்ல ஊற்றினேன்.