வலது பின்னங்கால்

வாரம் முழுக்க அடுத்தவர் வாயைப் பார்த்தே பிழைக்கிற மனிதனுக்கு, ஒரு நாளாவது வாயே கண்ணில் படாத ஓர் இடம் வேண்டுமா வேண்டாமா? நம் பல் டாக்டருக்கு அப்படி ஓர் இடம் இருந்தது. ஊருக்கு வெளியே தேசியப் பூங்கா, அதற்குள் ஓர் ஏரி, ஏரிக்கரையில் ஆமை முதுகு மாதிரி ஒரு பாறை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டால் டாக்டர்தான் ராஜா. யாரும் வந்து 'ஆ' காட்ட மாட்டார்கள். மீன்கொத்திக்குக் கடைவாய்ப் பல் கிடையாது, நாரைக்கு ஈறு வீக்கம் கிடையாது. அப்பாடா என்றிருக்கும்.

இந்தப் பைத்தியம் அவருக்கு மட்டும் இல்லை, குடும்பத்துக்கே இருந்தது. மனைவி தையல்கடை வைத்திருந்தாள். அவள் தம்பிக்குப் பேக்கரி. லீவு விட்டால் மற்றவர்கள் புடவைக் கடைக்கும் சினிமாவுக்கும் போவார்கள். இந்த மூன்று பேரும் எங்கேயாவது ஒரு தேசியப் பூங்காவைத் தேடிப் போய், மண்ணில் குப்புறப் படுத்துக்கொண்டு எதன் காலடி, எதன் எச்சம் என்று ஆராய்வார்கள். டாக்டருக்குக் கல்யாணமாகி முதன்முதலாக மனைவியோடு போனதே ஒரு பூங்காவுக்குத்தான். முதல் சண்டையும் அங்கேதான் நடந்தது. தூரத்தில் தெரிந்தது கரடியா, கரிந்துபோன மரக்கட்டையா என்று. கட்டைதான். டாக்டர் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

ஊரில் இன்னும் சில காட்டுப் பைத்தியங்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு சங்கமும் வைத்திருந்தார்கள். மனைவிதான் தலைவி. பூங்காவிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது, எதையும் போடக் கூடாது, பார்க்காததைப் பார்த்ததாகக் கதை விடக் கூடாது என்பது சங்கத்தின் சட்டம். அவள் சட்டம் பேசினால் வீட்டு நாற்காலிகூட நேராக நிற்கும். ஒருமுறை டாக்டர் ஒரு நீல இறகைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். "போய் எடுத்த இடத்துலயே வெச்சிட்டு வாங்க, அப்புறம் சாப்பிடலாம்" என்று அந்த வெயிலில் திருப்பி அனுப்பினாள். டாக்டர் பசியோடு போய் வைத்துவிட்டு வந்தார்.

இப்படிப்பட்ட குடும்பத்தின் தலையில் இடி விழுந்தது. ஏரிக்கரையில் ஒரு கம்பெனி ஓட்டல் கட்டப்போகிறதாம். தண்ணீருக்குள் தூண் நட்டு, கண்ணாடித் தரை போட்டு, அன்னப்பறவை வடிவத்தில் படகு விட்டு. வரைபடத்தை மக்கள் பார்வைக்கு ஒட்டியிருந்தார்கள். டாக்டர் போய்ப் பார்த்தார். அவருடைய பாறை இருந்த இடத்தில் 'கை கழுவுமிடம்' என்று எழுதியிருந்தது.

மூவரும் வன அதிகாரியிடம் ஓடினார்கள். அந்தம்மா சிரித்தும் பார்த்ததில்லை, சீறியும் பார்த்ததில்லை. "நானும் என்னதான் செய்யறது? அந்தக் கரையில முன்னாடி நீர்நாய் இருந்துச்சுன்னு சொல்றாங்க. இப்ப ஒரு தடயம்கூட இல்ல. இருந்தா ஓட்டலை நாளைக்கே நிறுத்திடுவேன். வியாழக்கிழமை காலையில கம்பெனி ஆளோட வந்து கடைசியா ஒருதடவை பார்ப்பேன். அவ்வளவுதான்" என்றாள்.

திரும்பி வரும்போது டாக்டர் காரில் வெளியே வேடிக்கை பார்க்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஒரு பொருளை நினைத்துக்கொண்டிருந்தார். கிளினிக் அலமாரியில், பொய்ப்பல் செட்டுகளுக்குப் பின்னால், அது இருந்தது. எப்போதோ வேறொரு பூங்காவில் சேற்றில் பதிந்த நீர்நாய்க் காலடியில், பல் அச்சு எடுக்கிற பிளாஸ்டரை ஊற்றி அவர் எடுத்த அச்சு. ஐந்து விரலும் விரலிடைச் சவ்வும் அச்சு அசலாக விழுந்திருந்தன.

புதன்கிழமை சாயங்காலம் கிளினிக்கைச் சீக்கிரம் சாத்திவிட்டு டாக்டர் ஏரிக்குப் போனார். ஈரச் சேற்றில் அச்சை வைத்து அழுத்தினார். ஆகா! அள்ளிக்கொண்டு போகிற மாதிரி விழுந்தது. பாறையைச் சுற்றி ஒரு வட்டம், தண்ணீர்வரை ஒரு கோடு. வேலை முடிந்து நிமிர்ந்து பார்த்தபோதுதான் ஒன்று புரிந்தது. அவரிடம் இருந்தது வலது பின்னங்கால் ஒன்றுதான். அந்த நீர்நாய் ஏரிக்கரை முழுக்க ஒற்றைக் காலில் நொண்டி விளையாடியிருந்தது.

அழிக்கலாமா என்று யோசித்தார். அழித்தால் ஓட்டல். விட்டால் மானம் போகும். அதைவிட, மனைவிக்குத் தெரிந்தால்? ஓர் இறகுக்கே அந்தப் பாடு. பாறையை ஒருதடவை தடவிக் கொடுத்துவிட்டு, நடப்பது நடக்கட்டும் என்று வீட்டுக்கு வந்து, வராத நோயாளியைப் பற்றி நிறையப் பேசினார்.

வியாழன் காலை அதிகாரிக்கும் கம்பெனி ஆளுக்கும் பின்னாலேயே மூவரும் கரைக்குப் போனார்கள். சேற்றைப் பார்த்ததும் டாக்டர் அப்படியே நின்றுவிட்டார். அவருடைய ஒற்றைக்கால் வரிசைக்குப் பக்கத்திலேயே இன்னொரு வரிசை! இது முழு நீர்நாய். முன்னங்கால், பின்னங்கால், இடது, வலது எல்லாம் அளவெடுத்தாற்போல வந்திருந்தன. அதற்கும் பின்னால், குட்டி குட்டியாக, இங்கும் அங்கும் ஓடியிருந்த காலடிகள்.

டாக்டருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. வந்துவிட்டதே! பொய்க்காலடியைப் பார்த்து நிஜமே குடும்பத்தோடு வந்துவிட்டதே! எத்தனை பூங்கா அலைந்திருக்கிறார், இப்படி ஒரு தடத்தைப் பார்த்ததில்லை. திரும்பினால் மனைவியும் வாயில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள், மச்சானும் கண்கலங்கி நிற்கிறான். ஆனால் மனைவி பார்த்துக்கொண்டிருந்தது டாக்டரின் நொண்டிக் காலடியை. அது ஏன் என்று அப்போது அவருக்கு உறைக்கவில்லை.

அதிகாரி குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். ஒற்றைக்கால் தடத்திலிருந்து வெள்ளையாக ஒரு துணுக்கை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். டாக்டர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அடுத்த தடத்தில் ஒரு சிவப்பு நூலை எடுத்தாள். குட்டித் தடத்தின்மேல் குனிந்து முகர்ந்து பார்த்தாள்.

"வலது பின்னங்கால் மட்டும் ஊன்றி நடக்குற நீர்நாயை இப்பத்தான் பாக்கறேன்" என்றாள்.

"அடிபட்டிருக்கும் மேடம்" என்றார் டாக்டர், ஈனக்குரலில்.

"குட்டிங்க மேல வெண்ணெய் வாசம் வருதே?"

"குட்டிங்கன்னா அப்படித்தான் மேடம், கொழுகொழுன்னு..." என்றான் மச்சான்.

அந்தம்மா மூன்று பேர் முகத்தையும் வரிசையாகப் பார்த்தாள். பிறகு எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு கம்பெனி ஆளிடம் சொன்னாள்: "ஜோடியா இருக்கு, குட்டியும் இருக்கு. ஓட்டல் கிடையாது."

மூவரும் குதிக்கப் போனார்கள். அவள் முடிக்கவில்லை. "குட்டி இருக்கற இடம்னா சட்டம் இன்னும் கடுமை. இன்னையிலேர்ந்து இந்தக் கரைக்கு மனுஷங்க யாரும் வரக் கூடாது. வேலி போட்டுடறேன்."

"எங்களுக்குமா?" என்றார் டாக்டர்.

"நீங்க மனுஷங்க இல்லையா?" என்றாள். அவள் சிரித்து முதன்முதலாக அன்றுதான் பார்த்தார்கள்.

டாக்டர் பாறையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் குட்டிகள் இருக்கின்றனவே, அவற்றுக்காகத்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டார். காரில் உட்கார்ந்து மனைவியின் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தார். கூடவே ஏதோ வந்து மடியில் விழுந்தது. பழைய தோல் பையை வெட்டித் தைத்த கையுறை. ஐந்து விரல், விரலிடைச் சவ்வு, ஓரமெல்லாம் சிவப்பு நூலில் இரட்டைத் தையல்.

"அடிப்பாவி!" என்றார் டாக்டர்.

"நாலு காலுக்கும் தெச்சேங்க" என்றாள் சங்கத் தலைவி, தலையைக் குனிந்துகொண்டு. "ராத்திரி போனா உங்க காலடி இருந்துச்சா... நெஜம்னு நெனச்சிட்டேன். ஐயோ, நெஜமா வந்திருக்கே, நாம ஏன் பொய்யை வெக்கணும்னு அழுதேன். ஆனா ஒத்தைக்கால் தடத்தை யாரு நம்புவாங்கன்னு அழுதுகிட்டேதான் வெச்சேன். அது சரி, உங்க நகத்துல என்ன பிளாஸ்டர்?"

டாக்டர் கையை மறைத்தார். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"பிஸ்கட் அச்சு" என்றான் மச்சான். "பூனைக்கால் பிஸ்கட் போடுவேன்ல. அதுல ஒரு விரல் சேர்த்து வளைச்சேன். உங்க ரெண்டு பேர் காலடியையும் பாத்து அப்பா அம்மான்னு நெனச்சேன் மாமா. குட்டி மட்டும் இல்லாம ஏன் இருக்கணும்னு..."

"ஏண்டா, ஓட்டல்தான் நின்னு போயிருக்குமே! உன்னால வேலி வந்துடுச்சேடா, படுபாவி!" என்று கத்தினார் டாக்டர். கத்தும்போதே சிரிப்பு வந்துவிட்டது. மூவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும்தான் நிலைமை புரிந்தது. உண்மையைச் சொன்னால் ஓட்டல் வரும். சொல்லாவிட்டால் பாறை போனது போனதுதான். மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "பரவாயில்ல விடுங்க" என்று அவளே சொன்னாள். வாழ்க்கையில் முதல் தடவையாக.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மூவரும் வேலிக்கு வெளியே, சாலை வளைவில், குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் நின்று பைனாகுலரில் ஏரியைப் பார்த்தார்கள். பஸ்ஸில் போகிறவர்கள் இவர்களைப் பார்த்தார்கள். கரையில் புல் முழங்கால் உயரம் வளர்ந்தது. மழை வந்து தடங்களைக் கரைத்துக்கொண்டு போனது. வேலி மட்டும் போகவில்லை.

மழைக்காலம் முடிந்த ஒரு காலை, டாக்டரின் பைனாகுலரில் பாறை தெரிந்தது. பாறைமேல் ஏதோ ஈரமாகப் பளபளத்தது. அசைந்தது. டாக்டர் பைனாகுலரை மெதுவாக இறக்கிவிட்டு மச்சானை முறைத்தார்.

"டேய், உள்ள போனியா?"

"சத்தியமா நான் இல்ல மாமா."

மனைவியைப் பார்த்தார். "கையுறைய அன்னைக்கே எரிச்சிட்டேங்க" என்றாள்.

பைனாகுலரை ஆளுக்கு ஆள் பிடுங்கிப் பார்த்தார்கள். அவருடைய பாறை. அவர் உட்காருகிற பள்ளம். அதில் ஒரு நீர்நாய் சாவகாசமாக உட்கார்ந்து, இரண்டு கையாலும் ஒரு மீனைப் பிடித்துக்கொண்டு கடித்துக்கொண்டிருந்தது. இடத்தைப் பறிகொடுத்த வயிற்றெரிச்சல் ஒரு பக்கம், தலைகால் புரியாத சந்தோஷம் ஒரு பக்கம், டாக்டருக்குக் கண்ணில் நீர் கோர்த்துக் கண்ணாடி மங்கிவிட்டது.

"என்னங்க, அழறீங்களா?"

"அதெல்லாம் இல்ல." சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். மீன் முடிந்திருந்தது. நீர்நாய் இவர்கள் பக்கம் திரும்பி, சோம்பல் முறித்து, வாயை அகலமாகத் திறந்தது.

டாக்டர் வெகுநேரம் பார்த்தார்.

"பல்லு நல்லா இருக்கு" என்றார்.