உப்பு போகும் வரை

ஆனி மாதக் கடல் எங்கள் இனயம் ஊரில் கரையைத் தின்னத் தொடங்கியதும் வள்ளங்களை மேட்டில் ஏற்றிக் கவிழ்த்துவிட்டு, இஞ்சின்களைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோவோம். ஓடும்போது சூடு தணிய இஞ்சின் கடலைத்தான் குடிக்கிறது. குடித்ததெல்லாம் உள்ளே குழாய்களில் உப்பாகப் படிந்து கிடக்கும். அதை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி எடுக்காமல் மூலையில் சாத்திவைத்தால், ஆவணியில் துருவைத்தான் வள்ளத்தில் மாட்ட வேண்டியிருக்கும்.

அன்று நானும் சிலுவை மாமாவும் அவருடைய இஞ்சினை மூங்கிலில் கட்டித் தோளில் தூக்கி அவர் வீட்டுக்கு வந்தோம். அவர் வள்ளத்தில்தான் நான் தொழிலுக்குப் போகிறேன். நான் கடலில் பேசிய மொத்தப் பேச்சும் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்க நீளம்கூட வராது என்று அவர் ஊரெல்லாம் சொல்வார். உண்மைதான். கடலில் எனக்குப் பிடித்ததே அங்கே யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம் என்பதுதான்.

ஆனால் அன்று நான் பேசியே ஆக வேண்டியிருந்தது. மாமாவின் மகள் ரெஜிஷாவைப் பெண் பார்க்க ஞாயிற்றுக்கிழமை குளச்சலிலிருந்து ஆள் வருகிறது. இஞ்சினைக் கழுவி முடித்துவிட்டால் ஆவணி வரை அந்த முற்றத்தில் கால் வைக்க எனக்கு ஒரு காரணமும் கிடையாது. ரெஜிஷாவும் நானும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். இப்போது அவள் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறாள். அன்று லீவு போட்டிருந்தாள். ஏன் போட்டாள் என்று யோசித்து யோசித்து மூங்கிலின் பாரமே எனக்குத் தெரியவில்லை.

"பைய வைலே ஜெனோ. உனக்க கால் ஒடிஞ்சா ஆசுபத்திரி உண்டு. இஞ்சினுக்க கால் ஒடிஞ்சா எங்க கொண்டு போவ?" என்றார் மாமா.

மேல்பக்கம் அறுத்த நீல டிரம். அதன்மேல் கட்டிய பலகையில் இஞ்சினை மாட்டினோம். புரொப்பல்லரை ஏற்கெனவே கழற்றியிருந்தோம். இஞ்சினின் கால், அதாவது கீழ்த்தண்டு, மூழ்கும்வரை நல்ல தண்ணீர் ஊற்றி, மாமா கயிற்றை இழுத்தார். இஞ்சின் அலறியது. தென்னையிலிருந்த காக்கைகள் பறந்தன. டிரம்மின் தண்ணீரை உறிஞ்சி, உள்ளெல்லாம் சுற்றி, பக்கத்துச் சின்னத் துளை வழியாகப் பீச்சியடிக்கத் தொடங்கியது.

உப்பு போனதா என்று பார்க்க எங்களிடம் கருவி ஏதும் இல்லை. நாக்குதான். பீச்சும் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி ருசி பார்ப்போம்.

மாமா இஞ்சினை நிறுத்திவிட்டுச் சொன்னார். "எனக்க நாக்கு பொயலையில செத்துப்போச்சு. ஏட்டி ரெஜிஷா, நீ பாரு."

அவள் வந்து, துளையில் சொட்டிக்கொண்டிருந்ததை விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"உப்பு."

டிரம்மைக் கவிழ்த்தோம். மாமா வீட்டுக் குழாயில் அன்று தண்ணீர் முறை இல்லை. பக்கத்து வீட்டு செசிலி அக்காவின் கிணறு மட்டும் கடலுக்கு அத்தனை கிட்டத்தில் இருந்தும் கரிக்காது. நான் குடத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். நிரப்பினோம். ஓட்டினோம். நிறுத்தினோம்.

"இன்னும் உப்பு."

மறுபடி ஓடினேன். செசிலி அக்கா மதில்மேல் கையூன்றி நின்று கேட்டாள். "சிலுவையண்ணே, இது இஞ்சினா ஒட்டகமா?"

"கடல் முச்சூடும் குடிச்ச சாதனமாக்கும். லேசுல போவுமா?"

அடுத்த முறையும் ரெஜிஷா கண்ணை மூடி, நிதானமாகச் சப்புக்கொட்டி, "ஒரு பொடி உப்பு உண்டு," என்றாள்.

மாமா தலையைச் சொறிந்தார். "போன வருசம் இதுக்கு முன்னயே தீந்துதேட்டி."

"போன வருசம் கடல்ல உப்பு கம்மி."

சொல்லிவிட்டு அவள் டிரம்மைக் கவனமாகப் பார்த்தாள். உலகத்தில் நீல நிறத்தில் டிரம் இருப்பதை அப்போதுதான் கண்டுபிடித்தவள் போலப் பார்த்தாள். எனக்குச் சந்தேகம் வந்தது. குனிந்து, அந்தத் துளையிலிருந்து ஒரு சொட்டை எடுத்து நானும் நாக்கில் வைத்தேன்.

மண்ணெண்ணெய் ருசி இருந்தது. ரப்பர் ருசி இருந்தது. பழைய ஆணியைச் சப்பியதுபோல ஒரு ருசியும் இருந்தது. உப்பு மட்டும் இல்லை.

நிமிர்ந்தேன். அவள் இப்போது டிரம்மைப் பார்க்கவில்லை.

"என்ன ஜெனோ? உப்புதானே?" என்றாள்.

"உப்புதான்," என்றேன். பிறகு அது போதாது என்று தோன்றியது. "பயங்கர உப்பு."

என் வாழ்க்கையில் ஒரு கேள்விக்கு நான் சொன்ன மிக நீளமான பதில் அது. மாமா என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். நான் குடத்தோடு பறந்தேன். கிணற்றில் வாளியை விட்டபோது கயிற்றின் நுனி கையில் இருக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை. அது வாளியோடு உள்ளே போய்விட்டது. கொக்கிகள் தொங்கும் பாதாளக் கொலுசை இறக்கி வாளியைத் துழாவியபோது நான் சிரித்துக்கொண்டிருந்தேன். செசிலி அக்கா என் முகத்தைப் பார்த்தாள், குடத்தைப் பார்த்தாள், மதிலைச் சுற்றிக்கொண்டு என் பின்னாலேயே வந்துவிட்டாள்.

இந்த முறை ஓட்டி நிறுத்தியதும் செசிலி அக்காவே விரலை நீட்டி ருசி பார்த்தாள்.

"சவம்! இதுலயா உப்பு? இது எனக்க கெணத்து வெள்ளமாக்கும்! இதுல நான் சாயா போட்டுக் குடிப்பேன். ரெண்டு பேருக்கும் நாக்குல என்ன சீக்கு?"

ரெஜிஷா தாவணியே இல்லாத சுடிதாரில் தாவணி நுனியைத் தேடினாள்.

"அப்ப முடிஞ்சு," என்றார் மாமா.

கடைசியாக ஒருமுறை இஞ்சினை ஓட்டி, எண்ணெய்க் குழாயை அடைத்தார். கார்பரேட்டரில் எண்ணெய் தங்கினால் பிசினாக இறுகிவிடும். அதனால் நாங்கள் கையால் நிறுத்துவதில்லை. உள்ளே மிச்சம் இருப்பதைக் குடித்துத் தீர்த்து, இஞ்சின் அதுவாக நின்றால்தான் கணக்கு. மாமா புகையிலைப் பொட்டலத்தைத் தேடி நடை வரைக்கும் போனார். செசிலி அக்கா கீழே கிடந்த குடத்தை எடுக்கக் குனிந்தாள்.

இஞ்சின் முழுத் தொண்டையில் கத்திக்கொண்டிருந்தது. பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. ரெஜிஷா என்னைப் பார்த்து ஏதோ கேட்பதுபோலப் புருவத்தை உயர்த்தினாள். இத்தனை சத்தத்துக்குள் எதையும் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றியது. அது ஒரு பெரிய போர்வை போல என்னை மூடியிருந்தது. நெஞ்சு நிறைய மூச்சிழுத்துக் கத்தினேன்.

"ரெஜிஷா! அந்தக் கொளச்சக்காரன வேண்டாம்னு சொல்லு! என்னக் கெட்டு!"

"கொளச்சக்காரன" வரை இஞ்சின் ஓடியது. பிறகு இருமுறை விக்கி நின்றுவிட்டது. மிச்சத்தை இனயம் முழுவதும் கேட்டது.

எனக்கு அமைதி பிடிக்கும். ஆனால் அப்படி ஒரு அமைதியை அதற்கு முன் நான் கண்டதில்லை. ரோட்டில் போன மீன்காரரின் சைக்கிள் நின்றது. மாமா பொட்டலமும் கையுமாக நடையில் நின்றார்.

"என்னலே பறஞ்ச?"

நான் டிரம்மைப் பார்த்தேன். செசிலி அக்காதான் பதில் சொன்னாள். "என்னக் கெட்டுன்னு பறஞ்சான், அண்ணே. நல்லாக் கேட்டுது."

ரெஜிஷா போய் இஞ்சின் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். மறுபடி இழுத்தாள். இஞ்சின் செத்த மாடாகக் கிடந்தது.

"எண்ணெய அடச்சு வச்சிருக்கேன். எதுக்குட்டி இழுக்க?"

"எனக்குப் பதில் பறயணும்."

"வாயால பற."

"நீங்க எல்லாரும் கேப்பியளே!" காதுவரை சிவந்து மறுபடியும் கயிற்றை இழுத்தாள். "இவன் மட்டும் சத்தத்துக்குள்ள பறஞ்சான்லா?"

மாமா அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கவிழ்த்த தண்ணீரில் முற்றமே சேறாகக் கிடப்பதைப் பார்த்தார். அத்தனை டிரம்மும் அவர் கண்ணுக்குள் ஒவ்வொன்றாக உருண்டு போனதை நான் பார்த்தேன்.

"அப்ப அந்த உப்பு..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். மீசைக்குள் என்னவோ அசைந்தது. வந்து எண்ணெய்க் குழாயைத் திறந்தார். "அடச்சதத் தொறக்கவே கூடாது. எல்லாம் முதல்லேருந்து செய்யணும். கேட்டியாலே? எல்லாம்." கயிற்றை ஓங்கி இழுத்தார். இஞ்சின் அலறியது.

ரெஜிஷா வாயருகே கையைக் குவித்துவைத்துச் சொன்னாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"என்ன?"

மறுபடி சொன்னாள். உதடு மட்டும் அசைந்தது.

"கேக்கல!"

அவள் காலை உதைத்துக்கொண்டு, கழுத்து நரம்பு தெறிக்கக் கத்தினாள். அதுவும் கேட்கவில்லை. செசிலி அக்கா என் காதைப் பிடித்துத் திருகி, அதற்குள் வாயை வைத்துக் கூவினாள். "அவ சம்மதம்னாக்கும் பறயுதா, பொட்டா!"

நான் என்ன செய்தேன் என்று சரியாக நினைவில்லை. சேற்றில் வழுக்கி உட்கார்ந்தேன் என்று பிறகு சொன்னார்கள். ரெஜிஷா டிரம்மைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து சிரித்தாள். மாமா குழாயை மறுபடி அடைத்துவிட்டு, என் முகத்துக்கு நேரே விரலை ஆட்டி நீளமாக எதையோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. ஆனால் அந்த நேரத்தில் அவர் எதைச் சொன்னாலும் எனக்குச் சம்மதம்தான். பலமாகத் தலையாட்டினேன். அவர் மறுபடி கேட்டார். மறுபடி ஆட்டினேன்.

இஞ்சின் விக்கி நின்றது.

"...அப்ப சரி. நீயே தலையாட்டிட்ட," என்று மாமா சட்டைப் பைக்குள்ளிருந்து போனை எடுத்து, எண்ணை அழுத்தி என் கையில் வைத்தார். "இதாக்கும் கொளச்சக்காரனுக்க நம்பர். வர வேண்டாம்னு நீயே பற. நல்ல விளக்கமாப் பறயணும், கேட்டியா? அந்த ஆளு லேசுல விடமாட்டான்."

அந்தப் பக்கம் மணி அடிக்கத் தொடங்கியிருந்தது.