பெடல் அச்சு

தலையாரி வைரக்கண்ணு தெருவுக்குள் வரவில்லை. வாய்க்கால் மதகிலேயே நின்றுகொண்டு குரல் கொடுத்தார்.

"தங்கையா! விசாரணை வெள்ளிக்கிழமை இல்லையாம். நாளைக்கே வச்சிட்டாங்க. காலைல பத்து மணிக்குக் குடவாசல்ல இருக்கணும். சாட்சி இருந்தா கையோட அழைச்சிக்கிட்டு வரணுமாம். நான் சொல்லிட்டேன், பாத்துக்க."

பதிலுக்குக் காத்திராமல் திரும்பி நடந்தார். தங்கையன் கயிற்றுக் கட்டிலிலிருந்து எழுந்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான். அவனுடைய வலது மணிக்கட்டில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தது. சோற்றுப் பானையைக் கவிழ்த்துக் கழுவிக்கொண்டிருந்த காத்தாயி அப்படியே நின்றுவிட்டாள்.

குத்தகைக்காரர் பேரைப் பதிவு செய்யச் சட்டம் வந்த மறுவருஷம் அது. கல்யாணமானதிலிருந்து அவர்கள் இருவரும் பயிர் வைத்துவந்த மூன்று மா நிலத்துக்கு, ஏறக்குறைய ஒரு ஏக்கருக்கு, தங்கையன் பேரைப் பதியச் சொல்லி மனு கொடுத்திருந்தார்கள். நிலம் மிராசுதார் சாரங்கபாணியுடையது. "தங்கையன் எங்கள் பண்ணையாள், கூலிக்கு வேலை செய்தவன். குத்தகைக்காரன் இல்லை" என்று அவர் எழுதிக் கொடுத்துவிட்டார். குத்தகை நெல் அளந்ததற்கு ஒருநாளும் ரசீது தந்ததில்லை. சம்பா கதிர் முற்றியதும் வெளியூர் ஆட்களை அறுப்புக்கு இறக்கினார். தடுக்கப் போன தங்கையனை வரப்பிலிருந்து தள்ளிவிட்டதில்தான் மணிக்கட்டு முறிந்தது.

அவன் பக்கம் பேச ஒரே ஒரு ஆள் இருந்தார். வலங்கைமானில் நெல் மண்டி வைத்திருக்கும் மீரா உசேன் ராவுத்தர். மிராசுதாருக்கு அளந்தது போகத் தன் பங்கு நெல்லைத் தங்கையன் வருஷா வருஷம் அவரிடம்தான் போடுவான்.

"மண்டி நாலு மணிக்குப் பூட்டிட்டுக் கும்பகோணம் போயிடுவாரு. அங்க எந்தத் தெருவுல வீடுன்னுகூடத் தெரியாது" என்றான் தங்கையன்.

"பஸ்ஸு?"

"பஸ்ஸு எங்க ஓடுது? கூலிச் சண்டையில ரெண்டு நாளா எல்லாம் நிக்கிது. இப்பவே மணி ஒண்ணரை. நடந்தா எட்டு மைலு. கடை பூட்டுனப்புறம்தான் போய்ச் சேருவோம்."

தெருவில் வேறு சைக்கிள் இல்லை. ஆண்கள் எல்லோரும் கூலி உயர்வு கேட்டுச் சைக்கிள்களோடு குடவாசல் ஊர்வலத்துக்குப் போயிருந்தார்கள். இவர்களுடைய சைக்கிள் சுவரில் சாய்ந்திருந்தது. அது கெட்டுக் கிடந்தது. மிதித்தால் பெடல் நேராகச் சுற்றாமல் இப்படியும் அப்படியும் தள்ளாடும். உள்ளே கல்லை அரைப்பது போலச் சத்தம் வரும். நாலு சுற்றுக்கு ஒரு தரம் செயின் கழன்று விழும்.

"அச்சுல இருக்குற பேரிங் குண்டு போயிருக்கு. குடவாசல்ல கடை திறந்திருந்தா அச்சு, கிண்ணம், குண்டு எல்லாம் புதுசாப் போட்டுடலாம். கடையும் இல்லை, எனக்குக் கையும் இல்லை" என்றான் தங்கையன்.

காத்தாயி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். "எனக்கு ரெண்டு கை இருக்கு. எதைக் கழட்டணும், சொல்லுங்க."

சாக்கை விரித்துச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினாள். பெடல் தண்டை அச்சோடு பிடித்திருப்பது ஒரு சின்ன ஆப்பு, காட்டர் பின். அதன் நட்டைத் தளர்த்தி, தண்டுக்கு அடியில் கருங்கல்லை முட்டுக் கொடுத்துச் சுத்தியால் அடித்தாள். பின் அசையவில்லை. இன்னொரு அடி விரலில் விழுந்தது.

"நேரா அடி, நேரா! சாய்ச்சி அடிச்சா வளைஞ்சிடும்."

"கத்தாதீங்க. கத்துனா நேரா விழுமா?"

விளக்கிலிருந்த மண்ணெண்ணெயை எடுத்துப் பின்னைச் சுற்றி ஊற்றினாள். ஊற வேண்டும் என்றான் அவன். ஊறும்வரை இருவராலும் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. அவன் வாசலுக்கும் வேலிக்கும் நடந்தான். அவள் கிடைத்த துணியால் செயினைத் துடைத்தாள், துடைத்த செயினையே திரும்பத் துடைத்தாள். கூரையின் நிழல் அம்மிக்கல்லைத் தொட்டுவிட்டது. அதற்கு மேல் பொறுக்காமல் சுத்தியை எடுத்து ஓங்கி ஒரே அடி அடித்தாள். பின் தெறித்துப் போய்ச் சாம்பல் குழியில் விழுந்தது.

வலப்பக்கத்துப் பின் அவ்வளவு பாடுபடுத்தவில்லை. இடப்பக்கத்து வளையத்தை உளியால் தட்டிச் சுழற்றி, குண்டுகள் உட்கார்ந்திருக்கும் கிண்ணத்தைத் திருகி எடுத்தாள். கருப்புச் சேறாகப் பழைய மசகு கொட்டியது. அதோடு குண்டுகளும் கொட்டின. இடப்பக்கத்துக் குண்டுகள் பாதிக்கு மேல் பிளந்து, சொத்தைப் பல் போல இருந்தன. அச்சில் ஒரு பக்கம் பள்ளம் விழுந்திருந்தது.

"அச்சு தாங்குமா?"

"இன்னிக்குத் தாங்கும். குண்டுதான் வேணும்." தங்கையன் குனிந்து பார்த்தான். "வலப்பக்கத்துக் குண்டு பரவாயில்லை, கழுவிட்டு அதையே போட்டுக்கலாம். இடப்பக்கத்துக்குத்தான் வேற வேணும். பின் சக்கரத்துக் குண்டும் இதே அளவுதான்."

"அப்ப நம்ம பின் சக்கரத்தைக் கழட்டுவோம்."

"கழட்டிட்டு? சக்கரம் எதுல சுத்தும்?"

இத்தனை பதற்றத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே எழுந்தவள் சட்டென்று நின்றாள். மாதா கோயிலுக்குப் பக்கத்து வீட்டில் இருதயம்மாள் இருந்தாள். அவள் புருஷன் குழந்தைராஜ் சாகும்வரை ஓட்டிய சைக்கிளின் பின் சக்கரம் மட்டும் அவள் மாட்டுக் கொட்டகையில் தொங்கிக்கொண்டிருந்தது. காத்தாயி வேலியைத் தாண்டி ஓடினாள்.

விஷயத்தைக் கேட்டதும் இருதயம்மாள் தெருவை ஒரு பார்வை பார்த்தாள். அவள் மகன் சாரங்கபாணியின் பம்புசெட்டில் வேலை செய்தான்.

"எதுக்குன்னு சொல்லாமக் கேட்டிருந்தா குடுத்திருப்பேனே. ஏன்டி சொன்னே?"

"பொய் சொல்லி வாங்கிட்டுப் போயி, அப்புறம் உங்க புள்ளைக்கு ஒரு கஷ்டம் வந்தா என்ன பண்ணுவேன், அக்கா?"

இருதயம்மாள் கொட்டகைக்குள் போனாள். அவள் வரத் தாமதமானது. மனசு மாறிவிட்டாளோ என்று காத்தாயி கொட்டகைப் பக்கம் எட்டிப் பார்த்தாள். இருதயம்மாள் சக்கரத்தை வைக்கோலில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"கொல்லைப் பக்கமாப் போ. குண்டை எடுத்துக்கிட்டுச் சக்கரத்தை வாய்க்கால்ல போட்டுடு. திருப்பிக் கொண்டாராதே."

சக்கரத்திலிருந்து வந்த குண்டுகள் மங்கியிருந்தன, ஆனால் உடையவில்லை. மண்ணெண்ணெயில் அலசியதும் பளிச்சென்று ஆயின. சைக்கிளை வலப்பக்கமாகப் படுக்கப் போட்டு, மாட்டு வண்டிக்குப் போடும் மசகைக் கிண்ணத்தில் அப்பி, குண்டுகளை ஒவ்வொன்றாக ஈர்க்குச்சியால் தள்ளி உட்காரவைத்தாள். ஒன்று உருண்டு மண்ணில் விழுந்தது. தேடி எடுத்துத் திரும்பக் கழுவினாள்.

"கடைசியில ஒரு குண்டு இடம் விட்டே இருக்கட்டும். நெருக்கிப் போட்டா சிக்கிக்கும்" என்றான் தங்கையன்.

அச்சை இறக்கினாள். மேல் கிண்ணத்தை முடுக்கினாள். இறுக்கியபோது அச்சு சுற்ற மறுத்தது. தளர்த்தியபோது ஆடியது. இறுக்கவும் தளர்த்தவுமாக இருந்தவளிடம் அவன் பொறுமை இழந்து இடது கையை நீட்டினான். அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். இன்னொரு தரம் மெல்லத் திருகினாள். அச்சு ஆடவில்லை. விரலால் சுண்டினால் சத்தமில்லாமல் சுற்றியது. வளையத்தைத் தட்டி இறுக்கி, பெடல்களை மாட்டிப் பின்களை அடித்தாள்.

அதன்பிறகுதான் யார் ஓட்டுவது என்ற யோசனையே வந்தது. அவளுக்கு ஓட்டத் தெரியாது. அவனால் ஒற்றைக் கையால் அந்த வண்டிப்பாட்டையில் போக முடியாது.

"நீ முன்னால பாருல உக்காந்து ஹேண்டில் பாரைப் புடி. நான் மிதிக்கிறேன்" என்றான்.

முதல் முறை வேலியில் போய் முட்டினார்கள். இரண்டாம் முறை விழவில்லை. 'நேராப் பாரு, கீழ பாக்காதே' என்று அவன் காதருகில் சொல்லிக்கொண்டே மிதித்தான். தெருமுனையைத் தாண்டியதும் அவள் கை கொஞ்சம் நிதானப்பட்டது.

வலங்கைமான் ரோட்டை அடைய ஊர்த்தெரு வழியாகத்தான் போக வேண்டும். இவர்கள் தெருக்காரர்கள் அங்கே சைக்கிளிலிருந்து இறங்கித் தள்ளிக்கொண்டு போவது வழக்கம். காத்தாயி பிரேக்கில் விரலை வைத்தாள்.

"இறங்கணுமே?"

"இறங்குனா மறுபடி எப்படி ஏறுறது? விழுந்து எழுந்திருக்க நேரமில்லை. போ."

மிராசுதார் வீட்டு வாசலில் நெல் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்தார்.

"யார்ரா அது? பொம்பளைய வேற முன்னால வச்சிக்கிட்டு! இறங்குடா!"

தங்கையன் மிதிப்பதை நிறுத்தவில்லை. வழியில் ஒரு வண்டி மாடு குறுக்கே நின்றதால் காத்தாயி மணியை அடித்தாள். மாடு விலகியது. பின்னாலிருந்து ஒரு மண்ணாங்கட்டி வந்து அவன் முதுகில் உடைந்தது. அவ்வளவுதான், தெரு முடிந்துவிட்டது.

வலங்கைமானில் மீரா உசேன் மண்டிக் கதவின் கடைசிப் பலகையைப் பொருத்திக்கொண்டிருந்தார். இவர்கள் இருவரும் இறங்கிய கோலத்தைப் பார்த்து, பலகையைக் கீழே வைத்தார். தங்கையன் மூச்சு வாங்கிக்கொண்டே விஷயத்தைச் சொன்னான். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"தங்கையா, என் மண்டிக்கு வர்ற நெல்லுல பாதி சாரங்கபாணி நெல்லு. அவரு எதிர்ல நின்னு நான் பேசுனா என்ன ஆகும்னு தெரியுமா?"

தங்கையன் தலையைக் குனிந்துகொண்டான். காத்தாயி முன்னால் வந்தாள். கையெல்லாம் மசகு.

"ராவுத்தரய்யா, எங்களுக்காக எதுவும் கூட்டிச் சொல்லச் சொல்லலை. நெல்லைக் கொண்டாந்தது யாரு, காசை யாரு கையில குடுத்தீங்க. அதை மட்டும் சொல்லுங்க. அப்புறம் அவங்க என்ன வேணா எழுதிக்கட்டும்."

"வர்றேனா இல்லையான்னு இப்ப சொல்ல மாட்டேன்மா. போயிட்டு வாங்க."

அந்த ராத்திரி இருவரும் தூங்கவில்லை. மற்றவர் தூங்குவதாக ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டு அசையாமல் கிடந்தார்கள்.

மறுநாள் குடவாசல் ஆபீஸ் வராந்தாவில் சாரங்கபாணி தன் வக்கீலோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பேர் கூப்பிட்டார்கள். தங்கையன் உள்ளே போனான். காத்தாயி வாசலுக்கும் புளியமரத்துக்கும் நடந்தபடியே ரோட்டைப் பார்த்தாள். சாட்சி உண்டா என்று அதிகாரி இரண்டாம் முறை கேட்டபோது, வெள்ளைத் தொப்பியோடு மீரா உசேன் சைக்கிள் ரிக்‌ஷாவிலிருந்து இறங்கினார். அவளைப் பார்த்தும் பார்க்காதது போல உள்ளே போனார்.

நெல் கொண்டுவந்தது தங்கையன், பணம் வாங்கினது தங்கையன் என்று சொன்னார். வக்கீல் எழுந்து, எல்லா வருஷமும் எல்லா நெல்லும் அவன் வண்டியில்தான் வந்ததா என்று கேட்டார். மீரா உசேன் யோசித்தார். மூன்றில் கிழக்கு மாவின் நெல் இரண்டு வருஷம் மிராசுதார் வண்டியில் வந்தது என்று அதையும் சொன்னார். சாரங்கபாணி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

வெளியே வந்த மீரா உசேன் காத்தாயியிடம் வந்து நின்றார். "கேட்டதுக்கு உண்மையச் சொன்னேன். ரெண்டு பக்கமும் கோவிச்சுக்குவீங்க."

"நான் கோவிச்சுக்கலைய்யா" என்றாள். அது பாதி உண்மை.

உத்தரவு சித்திரையில் வந்தது. இரண்டு மா தங்கையன் பேரில் பதிவானது. கிழக்கு மா ஆகவில்லை. அந்தப் போகத்து நெல்லை ஏற்கெனவே வெளியூர் ஆட்கள் அறுத்துக்கொண்டு போயிருந்தார்கள். அது திரும்பி வரவில்லை. சாரங்கபாணி தன் நெல்லையெல்லாம் கும்பகோணத்து மண்டிக்கு மாற்றிக்கொண்டார். இருதயம்மாள் மகனின் பம்புசெட்டு வேலை மட்டும், யாரும் எதுவும் கேட்காததால், அப்படியே இருந்தது.

ஆற்றில் தண்ணீர் வந்ததும் குறுவைக்கு நாற்று விட்டார்கள். கிழக்கு மாவை ஒட்டி மிராசுதார் ஆட்கள் புது வரப்பு போட்டிருந்தார்கள். காத்தாயி விதைநெல் கூடையோடு அந்த வரப்பில் ஏறி நின்று அந்தப் பக்கம் பார்த்தாள்.

"இதுக்கு மேல அப்பீல் போட்டுக் கேக்கலாம்னு சொன்னாங்களே, எங்கங்க போயிக் கேக்கணும்?"

"தஞ்சாவூர்ல. முதல்ல விதையை விடு. சேறு காயுது."

"விடறேன். எப்பப் போறோம்னு சொல்லுங்க."