பன்னிரண்டாம் அடிக்குறிப்பு

தான் வேலை பார்க்கும் பல் மருத்துவமனையின் பின்னறையில் கச்சுப்பா என்ற சோளக் குழம்பு டப்பாவைத் திறந்து ஒரு வாய் வைக்கப்போன ஐவோன் லோப்பஸ், கைபேசியைப் பார்த்ததும் கரண்டியை அப்படியே போட்டாள். இணையக் கலைக்களஞ்சியத்தில் பெல்காட் துறைமுகத்தைப் பற்றிய கட்டுரையிலிருந்து ஒரு வாக்கியம் காணாமல் போயிருந்தது. வெட்டியவர் காரணமும் எழுதியிருந்தார்: “சூதாட்டத் தளமெல்லாம் ஆதாரமா? நீக்கிவிட்டேன்.”

சூதாட்டமாம்! அவளுக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது.

வெட்டுப்பட்ட வாக்கியம் இதுதான்: ‘1926இல் கல்துறையில் பிடித்த தீயை அணைத்தவர்கள் அங்கே சரக்கு இறக்கிக்கொண்டிருந்த, கேப் வெர்டே தீவுகளிலிருந்து வந்த தொழிலாளர்கள், அதில் நிக்கோலாவ் லோப்பஸ் உயிரிழந்தார்.’ நிக்கோலாவ், ஐவோனுடைய தாத்தாவின் அண்ணன். இந்த ஊரில் தெரு, பள்ளிக்கூடம், பூங்கா பெஞ்சு என்று எதில் பார்த்தாலும் கப்பல் முதலாளிகளின் பெயர்தான். மூட்டை தூக்கியவன் பெயர் எங்காவது இருந்தது என்றால் அந்த ஒரு வாக்கியத்தில் மட்டும்தான் இருந்தது. அதற்கும் இப்போது கத்தரி.

அது மட்டுமா? கல்துறையின் வாசலில் நகராட்சி ஒரு உலோகப் பலகை வைக்கப்போகிறது. அதற்கான வாசகத்தைத் தயாரிக்க ஒரு குழு. குழுவில் இருந்தவர்களுக்கு உட்கார்ந்து நாலு வரி எழுதச் சோம்பல். கலைக்களஞ்சியத்தில் ஆதாரத்தோடு இருப்பதை எடுத்துப் போட்டுவிடலாம் என்று தீர்மானம் செய்துவிட்டார்கள். வாசகம் வெள்ளிக்கிழமை மாலை அச்சுக்குப் போகிறது. அதற்குள் வாக்கியம் திரும்பி வராவிட்டால் நிக்கோலாவ் பலகையிலும் இல்லை.

ஐவோன் பன்னிரண்டாம் அடிக்குறிப்பைத் தொட்டுப் பார்த்தாள். வண்ணச் சக்கரம் ஒன்று சுழன்றது. ‘இன்றே விளையாடுங்கள்!’ என்று கண்ணடித்தது.

“அட கடவுளே, இது என் வேலை!” என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

ஆமாம், அவள் வேலைதான். கட்டுரைகளின் அடிக்குறிப்புகளில் செத்துப்போன இணைப்புகளைத் தேடிச் சரிசெய்வது அவளுக்குப் பல வருஷப் பொழுதுபோக்கு. மற்றவர்கள் தோட்டத்தில் களை பிடுங்குவார்கள். இவள் அடிக்குறிப்பில் பிடுங்குவாள். அதற்கென்று ஒரு கருவி உண்டு. அழுத்தினால் போதும், செத்த இணைப்பு ஒவ்வொன்றுக்கும் அந்தப் பக்கத்தின் பழைய சேமிப்புப் பிரதியைத் தேடி ஒட்டிவிடும். ஒட்டிய பிறகு ஒவ்வொன்றையும் திறந்து பார்க்க வேண்டும் என்பது இந்த வேலையின் பாலபாடம். ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நான விருந்துக்கு நேரமாகிவிட்டது என்று பாதியைப் பார்த்தாள், மீதியை விட்டுவிட்டாள். நிக்கோலாவின் ஆதாரம் மாதா கோயில் பங்கின் இணையதளம். பழைய பங்குத்தந்தை அன்றைய செய்தித்தாள் துண்டையும் அடக்கப் பதிவையும் படம்பிடித்து அதில் போட்டிருந்தார். பங்கை மூடினார்கள், தளமும் போயிற்று. காலியான முகவரியை எவனோ வாங்கிச் சூதாட்டக் கடை விரித்தான், பிறகு அதுவும் செத்துப்போனது. பாழாய்ப்போன கருவி கடைசியாகச் சேமித்த பிரதியை எடுத்து ஒட்டியிருந்தது.

சரி, தப்பு தப்புதான். சூதாட்டக் கடைக்கு முந்தைய பிரதியைத் தேடிப் பிடித்தாள். செய்தித்தாள் துண்டு பளிச்சென்று இருந்தது. தீயணைப்பு வண்டி பாலத்தில் சிக்கிக்கொண்டு, தீ அணைந்த பிறகுதான் வந்தது என்றுகூட அதில் இருந்தது. வாக்கியத்தைத் திரும்பப் போட்டாள், சரியான பிரதியை ஒட்டினாள், “என் தவறு, மன்னிக்கவும்” என்றும் எழுதினாள். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தாள்.

மாலைக்குள் மறுபடி வெட்டு! “பங்குத் தளம் வரலாற்று ஆதாரமாகாது” என்ற காரணத்தோடு, புது வாக்கியம் வேறு: ‘கல்துறையைக் காப்பாற்றியது ஊர்த் தன்னார்வத் தீயணைப்புப் படை.’ ஆதாரம், பெல்காட் வரலாற்றுச் சங்கத்தின் இணையதளம். வெட்டியவர் அந்தச் சங்கத்தின் செயலாளர் ப்ரூஸ்டர் ஹேலட். சொந்தப் பெயரிலேயே வெட்டுகிற அளவுக்குத் தைரியம்.

இவள் போட, அவர் எடுக்க, இவள் போட, அவர் எடுக்க. கலைக்களஞ்சியத்தின் விதிப்படி ஒருவர் ஒரு நாளில் மூன்று முறைக்கு மேல் அடுத்தவர் மாற்றத்தைத் திருப்பக் கூடாது. மீறினால் கணக்கை முடக்கிவிடுவார்கள். முதல் வெட்டு அதில் சேராது. முதலில் திருப்பியவள் ஐவோன் என்பதால், இருவருக்கும் மூன்று தீர்ந்தபோது நின்றது அவர் வாக்கியம்தான். அந்தக் கணக்கு அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

மறுநாள் காலை தம்பி அட்ரியானோவின் ரொட்டிக் கடையில் போய்ப் பொருமினாள்.

“இவ்ளோதானாக்கா? நான் ஒரு கணக்கு தொறக்கறேன். நீ சொல்லு, நான் போடறேன். அந்தாளு மூஞ்சியப் பாக்கணும் எனக்கு.”

“போடா லூசு! ஆள் வச்சுப் போட்டா நான் பொய்க்காரி ஆயிடுவேன். நிக்கோலாவும் பொய்யாயிடுவாரு.”

“அப்ப நியாயம் பேசிட்டே இரு. அவன் பலகை அடிச்சுட்டுப் போயிடுவான்.”

சொல்லி வாய் மூடவில்லை, கதவு மணி அடித்தது. காப்பிக்கு வந்து நின்றார் ஹேலட்.

“ஐவோன்! நீங்க கோவமா இருப்பீங்கன்னு தெரியும். தனிப்பட்ட விஷயம் இல்லம்மா இது. எல்லாத்துக்கும் ஆதாரம்னு ஒண்ணு இருக்கணும் பாருங்க.”

“செய்தித்தாள் இருக்கே, கண்ணுக்குத் தெரியலையா?”

“அது ஒரு பாதிரியார் ஏத்தின படம். மூலத் தாள் எங்க? எங்க சங்கத்துப் பக்கம் அப்படி இல்ல. நாங்க ஆராய்ஞ்சு எழுதினது.”

“யாரு ஆராய்ஞ்சது? எப்போ?”

ஹேலட் கோப்பைக்கு மூடி போட்டார். “எங்க ஆளுங்கதான். உங்க குடும்பத்து மேல எனக்கு மரியாதை உண்டும்மா. ஆனா ஊர்ல ஒவ்வொரு குடும்பத்துலயும் ஒரு தாத்தா தீயை அணைச்சிருக்காரு.”

அட்ரியானோ மாவுக் கையோடு மேசையைச் சுற்றி வந்துவிட்டான். ஐவோன்தான் அவன் ஏப்ரனைப் பிடித்து இழுத்தாள். “விடுடா. கடையில வேணாம்.” எங்கள் செத்தவன் உனக்குக் கட்டுக்கதையா என்று கத்தியிருக்க வேண்டும். அதை நினைத்து நினைத்து அன்று முழுக்க வயிறு எரிந்தது.

வயிற்றெரிச்சல் ஒரு நல்லது செய்தது. சங்கத்தின் பக்கத்தைத் திறந்து கடைசி எழுத்து வரை படித்தாள். அடியில், எறும்பு அளவு எழுத்தில், ‘நன்றி: இணையக் கலைக்களஞ்சியம்.’ கட்டுரையின் பழைய வடிவங்களைப் புரட்டினாள். எட்டு வருஷத்துக்கு முன்னால் பெயர் தெரியாத ஒருவன், ஆதாரமே இல்லாமல், தீயணைப்புப் படை என்று எழுதிவிட்டுப் போயிருந்தான். சங்கம் அதை வரிக்கு வரி எடுத்துத் தன் தளத்தில் போட்டிருந்தது. கட்டுரையில் அதைப் பிறகு நீக்கியதே ஐவோன்தான். இப்போது அதே வரி, சங்கத்தின் கோட்டும் டையும் மாட்டிக்கொண்டு, ஆராய்ச்சி என்று திரும்பி வந்திருக்கிறது! கட்டுரைக்குக் கட்டுரையே சாட்சி! என்ன திமிர்!

எல்லாவற்றையும், கட்டுரையைப் பற்றி வாதாடுவதற்கென்று இருக்கும் பேச்சுப் பக்கத்தில் வைத்தாள். ஒரு வசவுச் சொல் இல்லை. அதற்கு அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். வெள்ளிக்கிழமை காலை, எங்கோ அலாஸ்காவில் இருக்கும் முன்பின் தெரியாத ஒரு பெண் எல்லாம் படித்துப் பார்த்து, “ஐவோன் சொல்வது சரி” என்று எழுதிவிட்டு வாக்கியத்தைத் திரும்பப் போட்டாள். ஹேலட்டும் இந்த முறை அதில் கை வைக்கவில்லை. ஐவோன் பலகைக் குழுவைத் தொலைபேசியில் பிடித்தாள்.

“அடடா, அது நேத்தே அச்சுக்குப் போயிடுச்சேம்மா. வடிவமைக்கிற பையனுக்கு இன்னைக்கு லீவு. அதான் ஒரு நாள் முன்னாடியே எடுத்துக்கிட்டோம்” என்றது மறுமுனை.

“வெள்ளிக்கிழமைன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“சொன்னோம்தான். ஒரு வரிதானேம்மா, விடுங்க.”

ஒரு வரிதானே! அந்த ஒரு வரியைத் தவிர அந்த மனிதனுக்கு இந்த உலகத்தில் வேறு என்ன இருந்தது?

அடுத்த மாதம் பலகை வந்தது. மேயர் நாடாவை வெட்டினார், ஹேலட் கைதட்டினார். ஐவோன் போகவில்லை. மறுநாள் காலை காப்பியோடு கட்டுரையைத் திறந்தாள். நிக்கோலாவின் வாக்கியத்தை மறுபடி காணோம். அந்த இடத்தில் தீயணைப்புப் படை. பன்னிரண்டாம் அடிக்குறிப்பில் புத்தம் புதிய ஆதாரம், நறுக்கென்று ஒரு புகைப்படத்தோடு: ‘கல்துறை நினைவுப் பலகை, பெல்காட் நகராட்சி.’

ஐவோன் கோட்டை மாட்டிக்கொண்டு நேராக ரொட்டிக் கடைக்குப் போனாள். கேக் பெட்டிகளில் பெயர் எழுதும் தடித்த கறுப்புப் பேனாவை மேசையிலிருந்து எடுத்துப் பைக்குள் போட்டாள்.

“எங்கக்கா எடுத்துட்டுப் போற?” என்று கேட்டுக்கொண்டே பின்னால் ஓடிவந்தான் அட்ரியானோ.

கல்துறையின் வாசலில் பலகை வெயிலில் மினுங்கியது. தீயணைப்புப் படை வாக்கியத்தின் முற்றுப்புள்ளியை அடுத்து, அடைப்புக்குறி போட்டு, அழகான கையெழுத்தில், ஐவோன் எழுதினாள்: [சான்று தேவை].

“அய்யோ அக்கா! ஆள் வச்சுப் போட்டாலே தப்புன்ன நீயா இது? நகராட்சிச் சொத்துக்கா!”

“நான் அவங்க வாக்கியத்த வெட்டினேனா? இல்லல்ல? சந்தேகம்னா கலைக்களஞ்சியத்துல இப்படித்தான் குறி போடணும். அதான்டா முறை.”

கீழே இடம் நிறைய இருந்தது. குனிந்து, நிக்கோலாவ் லோப்பஸ் என்று எழுதினாள். பக்கத்தில் செய்தித்தாளின் பெயர், தேதி, பக்க எண். ஒன்றையும் விடவில்லை. பேனாவை மூடித் தம்பியிடம் நீட்டினாள்.

“இப்ப போட்டோ எடு. பலகைய ஆதாரமா காட்டறாரில்ல, காட்டட்டும்.”