சுவரில் விடுபட்ட இடம்

தடயவியல் அதிகாரி நஜ்வா சுவரில் ஒட்டிய அளவுகோல் தாள் மறுபடியும் நழுவி விழுந்தது. சுவரின் அடிப்பகுதி முழங்கால் உயரத்துக்கு ஈரமாக இருந்தது.

"யாரு கழுவுனது?"

"நான்தான்" என்றாள் அன்னம்மா அத்தை. "உயிர் போன எடத்துல வெளக்கு வைக்கணும் இல்ல? ரத்தத்து மேலயா வைக்கிறது? மஞ்சத்தண்ணி ஊத்தி நல்லாத் தேச்சுட்டேன்."

"வாசல்ல போலீஸ் டேப் கட்டியிருந்துச்சேம்மா."

"முன்னால கட்டுனா? இந்தத் தோட்டத்து லயத்துல எவன் முன்வாசல்ல போறான்? பின்கதவு தெறந்துதான் கெடந்துச்சு."

தரையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நஜ்வா அதைப் பார்த்தாள். நகர்த்தச் சொல்லவில்லை. கையுறையைச் சரிசெய்துகொண்டு, அத்தை குந்தித் தேய்த்ததில் கை எட்டாமல் விட்ட மேல்பகுதிக்குப் போனாள்.

லோகேஸ்வரி கதவுநிலையில் நின்றாள். இரவு முழுக்கத் தூங்கவில்லை. வெளியே செம்பனை மரங்களைப் பனி மூடியிருந்தது. குலை ஏற்றிப் போகும் லோரியின் சத்தம் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் கேட்டது.

அப்பா நல்லசாமி நேற்று மதியம் இந்தச் சமையலறையில் செத்தார். வீட்டில் தம்பி புனிதன் மட்டும் இருந்தான். அதற்குக் கொஞ்ச நேரம் முன்பு இருவரும் கத்திக்கொண்டது பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கிறது. அப்பாவின் நெற்றி பிளந்திருந்தது. புனிதன் சட்டையெல்லாம் ரத்தம். சுங்கை பெசாரிலிருந்து லோகேஸ்வரி வந்து சேர்ந்தபோது போலீஸ் அவளிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டது. தம்பி அப்பாவை அடிப்பானா?

"அடிப்பான்" என்று அவள் சொன்னாள். போன தீபாவளிக்கு ஒரு தடவை பிடித்துத் தள்ளினான். அவள் பார்த்தது அவ்வளவுதான். ஆனால் சொன்னது அந்த ஒரு சொல். எழுதிக்கொண்டு அவனை கோலா சிலாங்கூர் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள்.

இன்று நான்கு மணிக்கு உடல் வருகிறது. புனிதன் ஒரே மகன்.

"அவன் வரலன்னா உமாபதிதான் கொள்ளி வைக்கணும்" என்றாள் அத்தை. உமாபதி அவள் மகன். "வேட்டி எடுத்து வைக்கச் சொல்லிட்டேன்." பிறகு நஜ்வாவிடம், "நீ மதார் சாகிபு கடைப் பொண்ணுதானே? உங்கப்பா மீன்கறியில உப்பே போடமாட்டாரு."

"அவருக்கு பிரஷர்ம்மா. ஊருக்கே பத்தியம்" என்றாள் நஜ்வா, திரும்பாமல்.

அவள் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தாள். அதுவரை அழுக்காகத் தெரிந்தவை ஒவ்வொன்றாக மேலெழுந்து வந்தன. நூற்றுக்கணக்கான புள்ளிகள். லோகேஸ்வரிக்குச் சுவர் தூரமாகப் போய்த் திரும்பி வருவதுபோல் இருந்தது.

"வால் இருக்கு பாருங்க அக்கா. வால் எந்தப் பக்கமோ, அந்தப் பக்கமா ரத்தம் போயிருக்கு. இதெல்லாம் கீழேருந்து மேல வந்தது. உக்காந்திருந்த ஆளுகிட்டேருந்து."

"உக்காந்திருக்கும்போதா அடிச்சான்?"

"வாயக் கழுவுடி" என்றாள் அத்தை.

நஜ்வா கூரையின் உட்புறத்தில் வெளிச்சத்தை ஓட்டினாள். "கட்டையால திரும்பத் திரும்ப அடிச்சா, கைய ஓங்குறப்ப பெரும்பாலும் மேல கோடு கோடா தெறிக்கும். இங்க ஒண்ணும் இல்ல." பூதக்கண்ணாடியை நீட்டினாள். "இதப் பாருங்க. சொட்டுக்குள்ள வளையம் தெரியுதா? காத்துக் குமிழி. வாயிலேருந்து இருமி வந்த ரத்தம்."

லோகேஸ்வரி குனிந்து பார்த்தாள். ஊசிமுனை அளவு வளையங்கள். அப்பாவின் மூச்சு. காய்ந்துபோய், வட்டம் வட்டமாக.

நிமிர்ந்தபோதுதான் அதைக் கண்டாள். புள்ளிகளுக்கு நடுவே ஓரிடத்தில் எதுவுமே இல்லை. சுவர் சுத்தமாக இருந்தது.

"அங்க ஏன் இல்ல?"

"ஏதோ மறைச்சிருக்கு." நஜ்வா சுவரைத் தொடாமல் விரலால் காற்றில் ஓரத்தை வரைந்தாள். ஒரு தலை. கீழே இரண்டு தோள். அதற்குக் கீழே அத்தை கழுவிய ஈரம். "தம்பி சட்டையில முன்பக்கம் மட்டும்தான் ரத்தம். முதுகுல ஒரு சொட்டு இல்ல. சுவத்துல சாஞ்சு உக்காந்திருக்காரு. அப்பாவ மடியில தூக்கிப் போட்டு, மொகத்த நெஞ்சோட வச்சிருக்காருன்னு நெனக்கிறேன். கீழ்ப்பகுதியும் இருந்திருந்தா இன்னும் உறுதியா சொல்லலாம்."

அத்தை கைகளைச் சேலையில் துடைத்தாள். கை ஈரமாகவே இல்லை. மறுபடியும் துடைத்தாள்.

"அவன விட்ருவாங்களா மிஸ்?"

"நான் பாத்தத எழுதுவேன். டாக்டர் சொல்றதும் ஒத்து வரணும் அக்கா."

ஒரு மணிக்கு ஆஸ்பத்திரி டாக்டரிடமிருந்து நஜ்வாவுக்கு போன் வந்தது. ஈரல் கெட்டு, உணவுக்குழாயில் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது. நாற்பது வருஷமாகக் குடித்த சம்சுச் சாராயம். நெற்றிக் காயம் அடுப்புத் திண்டின் முனையில் விழுந்ததாக இருக்கலாம். சாகிற அளவு ஆழமில்லை. புனிதனை ஜாமீனில் விடுகிறார்கள். உமாபதி காரை எடுத்துக்கொண்டு போனான்.

புனிதன் வந்தபோது யாருடையதோ தொளதொளத்த சட்டை போட்டிருந்தான். அத்தை அவன் கன்னத்தைப் பிடித்து அழுதாள். அவன் நின்றான். சமையலறைப் பக்கம் பார்க்கவில்லை. நேராகப் பின்னால் போய்த் தண்ணீர்த் தொட்டியருகே சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தான். லோகேஸ்வரி குவளையை எடுத்தாள்.

"நீ சொன்னத இன்ஸ்பெக்டர் படிச்சுக் காட்டுனாரு" என்றான். முதுகுதான் தெரிந்தது.

"நடந்தத ஏன்டா நீ சொல்லல?"

"சொன்னேன் லா. மூணு தடவ சொன்னேன்."

குவளை அவள் கையில் நின்றது.

"கத்துனதுகூட அதுக்குத்தான்" என்றான். "கிளினிக்குக்கு வாங்கன்னேன். வரமாட்டேன்னாரு."

கோழி ஒன்று அவர்களுக்கு நடுவே நடந்து போனது.

"ஊத்து. வண்டி வந்துரும்."

அவள் ஊற்றினாள். அவன் காதுக்குப் பின்னால், முடிக்குள், யாரும் கழுவாமல் ஏதோ ஒட்டியிருந்தது. தண்ணீர் பட்டதும் அது இளகி, பழுப்புக் கோடாகக் கழுத்தில் இறங்கியது. முதுகில் வெளுத்து, சிமெண்டில் விழுந்து, சாக்கடை வரை போனது. அவன் கண்ணை மூடியிருந்தான்.

முன்பக்கம் வேன் வந்து நின்றது. யாரோ அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். தண்ணீர் அதற்குள் தெளிந்துவிட்டது. அவள் இன்னொரு குவளை மொண்டாள்.