இராஜநாயகத்துக்கு வந்த கடிதங்கள்

"அம்மா, மாமா பிழையா எண்ணினதாலையோ அவரைப் பிடிச்சவை?"

ஏழு வயது மரியா ஒருநாள் கணக்குக் கொப்பியிலிருந்து தலையை நிமிர்த்தாமலே இப்படிக் கேட்டாள். அமலினி அப்போது சோறு வடித்துக்கொண்டிருந்தாள். பானையை நிமிர்த்தி வைத்து, கையைத் துடைத்த பிறகுதான் அவளுக்குப் பதில் வந்தது.

"இல்லையம்மா. சரியா எண்ணினதாலை."

"மா பெர்கே?" என்றாள் மரியா. ஏன் என்பதை அவள் எப்போதும் இத்தாலிய மொழியில்தான் கேட்பாள். பலெர்மோ நகரத்தில் பிறந்த பிள்ளை. அமலினி திரும்பிச் சோற்றைக் கிளறினாள்.

நடந்தது இதுதான். இலங்கையில், மன்னாரில் இருந்த அவளுடைய தம்பி சுஜன், தேர்தல் கண்காணிப்புக் குழுவொன்றில் தொண்டனாகச் சேர்ந்திருந்தான். சம்பளமில்லாத வேலை. கழுத்தில் ஓர் அட்டை, கையில் ஒரு கொப்பி. வாக்குச்சாவடி வாசலில் விடியற்காலை முதல் நின்று, வாக்களித்து வெளியே வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு போட்டான். மாலையில் கூட்டிப் பார்த்தால் அறுநூற்றுப் பன்னிரண்டு. மறுநாள் அந்தப் பெட்டியைத் திறந்தபோது உள்ளே தொள்ளாயிரத்துக்கு மேல் சீட்டுகள் கிடந்தன. வெளிநாடுகளிலிருந்து வந்திருந்த கண்காணிப்பாளர்களிடம் சுஜன் தன் கொப்பியைக் காட்டினான். அவர்கள் அதைப் படம் எடுத்தார்கள், கைகொடுத்து நன்றி சொன்னார்கள், அடுத்த கிழமை விமானம் ஏறினார்கள். அவர்கள் போன மூன்றாம் நாள் பொலிஸ்காரர் வீட்டுக்கு வந்து சுஜனைக் கூட்டிப்போனார்கள்.

ஐந்து மாதமாகிவிட்டது. வழக்கும் இல்லை, விடுதலையும் இல்லை. அம்மா மாதத்துக்கு ஒருமுறை பஸ்ஸேறிச் சிறைச்சாலைக்குப் போய், கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பத்து நிமிடம் பார்த்துவிட்டு வருவார்.

"வெள்ளைக்காரருக்குச் சொல்லப் போய்த்தான் பிடிபட்டவன்," என்று அமலினி அன்றிரவு சாப்பாட்டு மேசையில் கணவனிடம் சொன்னாள். "அவை எழுதிக்கொண்டு பிளேன் ஏறிட்டினம். இவன் உள்ளை கிடக்கிறான்."

அல்பேட் நகரோரத்துச் சியாகுல்லியின் மந்தரின் தோடம்பழத் தோட்டங்களில் வேலை செய்பவன். அவன் கைகளில் பழத்தோல் எண்ணெய் மணம் எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது. "எல்லாரும் அப்பிடியெண்டு சொல்லாதை அமலி," என்றான். "ஆரெண்டாலும் ஒராள் நினைச்சுக்கொண்டிருக்கும்."

"ஓம், நீங்கள் கண்டனீங்கள்."

அமலினி வீட்டுவேலை செய்தது பலெர்மோவின் கபோ சந்தைக்குப் பின்னாலிருந்த ஒரு மூன்றாம் மாடி வீட்டில். வீட்டுக்கார அம்மா சிஞ்ஞோரா நுன்சியாவுக்கு எண்பத்தொரு வயது. நாற்பது வருடம் பிள்ளைகளுக்கு வாசிக்கவும் எழுதவும் படிப்பித்தவர். ஒருநாள் காலை அமலினி ஒரே தலையணை உறையை மூன்றாம் முறை இஸ்திரிப்பெட்டியால் அழுத்துவதைக் கண்டு, கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அந்த உறை உனக்கு என்ன பாவம் செய்தது?" என்று கேட்டார். பிறகு பக்கத்துக் கதிரையைக் காட்டினார். அமலினி இருந்து, எல்லாவற்றையும் சொன்னாள்.

தேவாலயத்துக்குப் பின்னாலிருந்த சிறு மண்டபத்தில் வியாழக்கிழமைகளில் சிஞ்ஞோராவோடு எட்டுப் பேர் கூடுவார்கள் என்பது அமலினிக்குத் தெரியும். செபக்கூட்டம் என்றே நினைத்திருந்தாள். அங்கே அவர்கள் செய்தது கடிதம் எழுதுவது என்று சிஞ்ஞோரா இப்போது சொன்னார். உண்மை பேசியதற்காகத் தூர நாடுகளில் அடைபட்டிருப்பவர்களின் விபரத்தை ஒரு மனித உரிமை அமைப்பு மாதாமாதம் தாளில் அனுப்பும். அவர்கள் அந்த ஆட்களுக்கும், அவர்களை அடைத்து வைத்திருக்கும் அதிகாரிகளுக்கும் அட்டைகள் எழுதித் தபாலில் போடுவார்கள்.

"எழுதினால் என்ன நடக்கும், சிஞ்ஞோரா?"

"சில நேரம் ஒன்றும் நடக்காது. ஆனால் அவனைக் காவல் காப்பவனுக்கு ஒரு விடயம் தெரியவரும். இந்த மனிதனை யாரோ தேடுகிறார்கள் என்று."

அடுத்த வியாழன் அமலினி ஒரு படிவத்தை நிரப்பினாள். இங்கேதான் பிழை நடந்தது. தம்பியின் பெயர் சுஜன். அப்பாவின் பெயர் இராஜநாயகம். நம்மவர் பத்திரங்களில் அப்பாவின் பெயர் முன்னால் நிற்கும், ஆனால் அந்தப் பெயரால் ஒருவரும் பிள்ளையைக் கூப்பிடுவதில்லை. பலெர்மோவிலோ, பெர்மெசோ என்ற வதிவிட அனுமதி எடுக்க குவெஸ்தூரா என்ற பொலிஸ் அலுவலகத்துக்குப் போன முதல் நாளிலிருந்தே அவள் 'சிஞ்ஞோரா ராஜநாயகம்'தான். தொடக்கத்தில் யாரோ அப்பாவைக் கூப்பிடுகிறார்கள் என்று திடுக்கிட்டுத் திரும்பியவள், பதினொரு வருடத்தில் பழகிவிட்டாள். மருந்துக்கடையிலும் மகளின் பள்ளிக்கூடத்திலும் அப்பாவின் பெயரோடுதான் அவள் நடமாடினாள். ஆகவே, குவெஸ்தூராவில் எழுதுவது போலவே இங்கேயும் குடும்பப் பெயராக 'ராஜநாயகம்' என்று பெரிதாக எழுதினாள், சுஜனுக்கு முதலெழுத்து மட்டும் போட்டாள். குடும்பப் பெயர் சொல்லி அழைப்பதே மரியாதை என்று வளர்ந்த அந்த எட்டுப் பேரும் 'மதிப்புக்குரிய திரு. ராஜநாயகம்' என்று தொடங்கினார்கள். அந்தப் பெயரே ஊர் ஊராகப் போய், வேறு நகரங்களில் எழுதியவர்களும் அதையே எழுதினார்கள்.

அட்டைகளில் கடல் இருந்தது, கோவில் முகப்பு இருந்தது, சந்தையில் அடுக்கிய கத்தரிக்காய் இருந்தது. ஓய்வுபெற்ற பஸ் சாரதி தோத்தோவுக்கு என்ன எழுதுவதென்று தெரியாது. அதனால் ஒவ்வொரு கிழமையும் பலெர்மோ அணியின் உதைபந்தாட்ட முடிவை எழுதி, இங்கிலீசில் மாற்றித் தரும்படி மற்றவர்களைக் கரைச்சல்படுத்தினார்.

"கடிதம் வருதோ எண்டு கேட்டனீங்களோ?" என்று அமலினி அம்மாவிடம் போனில் கேட்டாள்.

"கேட்டனான். ஓம், வருதாம். எல்லாரும் சந்தோசப்படுகினமாம். நிப்பாட்ட வேண்டாமெண்டு அக்காவுக்குச் சொல்லச் சொன்னவன்."

நான்கு மாதம் இப்படிப் போனது. ஒரு வியாழக்கிழமை, அமலினி சந்தையில் மீன் வெட்டுவித்துக்கொண்டு நிற்கும்போது சிஞ்ஞோராவின் அழைப்பு வந்தது. அமைப்பிலிருந்து செய்தி. ராஜநாயகத்தை விட்டுவிட்டார்கள்.

மீன்காரனிடம் மிச்சக்காசு வாங்காமலே அவள் ஓடினாள். அல்பேட் பெட்டி நிறைய மந்தரின் கொண்டுவந்து மாடி மாடியாகக் கொடுத்தான். மரியா கதவு கதவாகத் தட்டி, தன் மாமா வெளியே வந்துவிட்டார் என்று சிசிலிக்காரப் பிள்ளைகளின் இழுவையோடு அறிவித்தாள்.

ஆனால் மன்னாரில் அம்மாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. "இஞ்சை ஒருத்தரும் வரேல்லையே பிள்ளை," என்றார். அன்று முழுவதும் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் பின்னேரம், தெரியாத இலக்கத்திலிருந்து ஓர் அழைப்பு வந்தது.

"பிள்ளை, நீங்கள் அமலினியோ?" வயதான ஆணின் குரல்.

"ஓம். ஆர் கதைக்கிறது?"

"நான் இராஜநாயகம்."

அமலினி போனை எடுத்து இலக்கத்தை மறுபடி பார்த்தாள். அவளுடைய அப்பா கண்மூடி ஒன்பது வருடமாகிறது.

"நான் தீவுப் பக்கத்து ஆள், பிள்ளை. கடற்தொழில். ஆறு வருசம் உள்ளை கிடந்தனான். என்னத்துக்கெண்டு அவையும் சொல்லேல்லை, நானும் கேட்டு அலுத்துப்போனன். போன மாதம் ஒரு பெரிய அதிகாரி வந்து, ஆரிந்த இராஜநாயகம், உலகமெல்லாம் இருந்து கடிதம் வருதே எண்டு என்ரை பைலை எடுப்பிச்சவர். பைலுக்குள்ளை ஒண்டுமில்லை. விட்டிட்டினம்."

அமலினி கதிரையை இழுத்து இருந்தாள்.

"என்ரை பேரெண்டு கடிதங்களை என்னட்டைத்தான் தந்தவை, ஆனால் எனக்கு இங்கிலீசு தெரியாது. என்னோடை ஒரே அறையிலை கிடந்த சுஜன் தம்பிதான் வாசிச்சுச் சொல்லுறவர். வெளியிலை வந்து, நன்றி எழுதவேணுமெண்டு எங்கடை பங்குச் சுவாமியிட்டைக் காட்டினன். சுவாமி வாசிக்கிறார், 'உங்கள் சகோதரி அமலினி எங்களோடு இருக்கிறா' எண்டு. எனக்குச் சகோதரி இல்லை, பிள்ளை. வாக்கு எண்ணினதைப் பற்றியும் கிடக்குது. தம்பி அந்த இடங்களை விட்டிட்டு வாசிச்சிருக்கிறார். சுவாமிதான் மன்னாருக்கு எடுத்து உங்கடை நம்பரை விசாரிச்சவர்." குரல் தளர்ந்தது. "தம்பியின்ரை விடுதலையை நான் களவெடுத்த மாதிரிக் கிடக்குது."

கோபப்பட அவளுக்கு மனமிருந்தது. வார்த்தைகள் நாக்கு நுனிவரை வந்தன. ஆனால் ஆறு வருடத்துக்குப் பிறகு வெளியே வந்த ஒரு மனிதர், தன் சந்தோசத்தை மூன்று நாள்கூட வைத்திருக்காமல் திருப்பிக் கொடுக்க வந்து நிற்கிறார். கடவுள் சில வேளைகளில் நம் வாயில் நல்ல சொல்லொன்றை வைத்து நம்மைக் காப்பாற்றுகிறார்.

"சாப்பிட்டியளோ ஐயா?" என்று கேட்டாள் அமலினி.

"ஓம் பிள்ளை," என்றார் அவர். "மீன் சாப்பிட்டனான்."

போனை வைத்த பிறகு அவள் அழுதாள். மந்தரின் வாங்கித் தின்ற அயலவர்களின் முகத்தில் இனி எப்படி முழிப்பது என்று ஒருபக்கம். தன் கையெழுத்தாலேயே தம்பியின் நான்கு மாதம் வீணாய்ப் போனதே என்று மறுபக்கம். அல்பேட் அவளருகில் வந்து குந்தினான்.

"இஞ்சை பார். ஒரு மனுசனை வெளியிலை எடுத்திருக்கிறியள். கெட்ட காரியமோ?"

"என்ரை தம்பி உள்ளை கிடக்கிறானே."

"அப்ப அவனையும் எடுங்கோ. வழி தெரிஞ்சிட்டுதுதானே."

மறுநாள் சிஞ்ஞோராவிடம் சொல்லும்போது அமலினி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தன் பிழையால் எட்டுப் பேரின் உழைப்பும் முத்திரையும் போய்விட்டதென்று சொன்னாள். கிழவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே சிரிக்கத் தொடங்கினார். சத்தமில்லாமல் தோள் குலுங்கும் சிரிப்பு.

"நாற்பது வருடம் பிள்ளைகளின் பிழை திருத்தினேன்," என்றார். "இவ்வளவு நல்ல பிழையைக் கண்டதில்லை. போ, புதுப் படிவம் கொண்டு வா. இந்த முறை நான் பக்கத்தில் இருக்கிறேன்."

புதிய தாளில் 'சுஜன்' என்று பெரிய எழுத்தில் போனது. அது போன இரண்டாம் கிழமை, வடக்கு ஐரோப்பாவிலிருந்து ஒரு பெண் அமைப்புக்கு எழுதினாள். அந்தத் தேர்தலுக்கு வந்திருந்த கண்காணிப்பாளர்களில் ஒருத்தி. ஒன்பது மாதமாக அவள் சுஜன் என்ற பெயரைத் தேடிக்கொண்டிருந்தாளாம். ஒவ்வொரு அலுவலகமாகக் கேட்டாளாம். ராஜநாயகம் என்ற தாள் அவள் மேசைக்கும் வந்திருக்கிறது, ஆனால் அது அவன்தான் என்று அவள் அறியவில்லை. அறுநூற்றுப் பன்னிரண்டு கோடுகள் போட்ட கொப்பியின் படத்தை அவள் அனுப்பினாள். அந்தப் படத்தோடு தூதரகங்கள் கேட்கத் தொடங்கின. தீவிலிருந்து இராஜநாயகமும் பயத்தை ஒருபக்கம் வைத்துவிட்டு, சட்டத்தரணி ஒருவரிடம் போய், உள்ளே கண்டதைச் சொல்லிக் கையெழுத்து வைத்தார்.

'எழுதிக்கொண்டு பிளேன் ஏறிட்டினம்' என்று தான் சொன்னதை நினைத்து அமலினி அந்த ஞாயிறு பாவசங்கீர்த்தனம் செய்தாள். சுவாமியார் அதற்கு ஒரேயொரு அருள்நிறை மந்திரம்தான் தண்டனையாகக் கொடுத்தார்.

ஏழாம் கிழமை சுஜன் வீட்டுக்கு வந்தான். இந்த முறை அம்மாவின் போனில் அவன் முகமே தெரிந்தது. மெலிந்திருந்தான், தாடி வைத்திருந்தான், சிரித்தான். அமலினியின் நெஞ்சில் பதினொரு மாதம் கிடந்த கல்லொன்று ஓசைப்படாமல் இறங்கியது. மரியா இடையில் தலையை நீட்டி, "சாவோ மாமா," என்றாள்.

"ஏன்டா சொல்லேல்லை?" என்று கடைசியில் கேட்டாள் அமலினி. "முதல் அட்டையிலேயே உனக்குத் தெரிஞ்சிருக்குமே. பேர் மாறி வருதெண்டு அம்மாவுக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

"தெரியும் அக்கா. சொல்லத்தான் நினைச்சனான். அண்டைக்கு அவர் அந்த அட்டையை விடியவிருந்து இருட்டும் வரைக்கும் கையிலை வைச்சிருந்தவர். அதுக்கு முதல் கிழமையெல்லாம் அவர் சாப்பிடுறதே இல்லை." சுஜன் தாடியைத் தடவினான். "எனக்கு நீங்கள் இருக்கிறியள் எண்டு எனக்குத் தெரியும். அவருக்கு ஆர் இருக்கினம்?"

அமலினி மரியாவை இழுத்து மடியில் இருத்தினாள்.

"பிறகு வேறை கரைச்சல். அவர் பலெர்மோ டீமின்ரை ஆளாயிட்டார். அவங்கள் தோத்த கிழமை எனக்கும் நித்திரை இல்லை. ஆரக்கா அந்தத் தோத்தோ? வெண்டதை மட்டும் எழுதச் சொல்லுங்கோ."

அல்பேட் பின்னால் நின்று விழுந்து விழுந்து சிரித்தான். அந்த வீட்டில் அப்படிச் சிரிப்புக் கேட்டு ஒரு வருடமாகிறது. அயலுக்கு மறுபடி மந்தரின் கொடுக்க அமலினி சம்மதிக்கவில்லை. எதிர்வீட்டு மனுசி தானாகவே வந்து, இந்த முறை சரியான ஆள்தானா என்று கேட்டுவிட்டு அவளைக் கட்டிப்பிடித்தாள்.

அதன் பின் வந்த குளிர்காலத்தில் சிஞ்ஞோரா நுன்சியாவின் விரல்கள் மடங்கத் தொடங்கின. கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தார். சட்டைப் பொத்தானை அமலினி பூட்டிவிட வேண்டியிருந்தது. ஆனால் வியாழக்கிழமை மண்டபத்திலிருந்து தன் பங்குத் தாளை வாங்கி வருவதை மட்டும் அவர் நிறுத்தவில்லை. வீட்டில் இருந்து எழுதுகிறேன் என்று மற்றவர்களுக்குச் சொல்லிவிடுவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், சிஞ்ஞோரா படுக்கையறையில் தூங்கியபோது, அமலினி மேசையைத் துடைக்கப் போனாள். ஏழு அட்டைகள் கிடந்தன. முதலாவதில் 'மதிப்புக்குரிய' என்ற சொல் பாதியில் நடுங்கிக் கோணி நின்றுபோயிருந்தது. மற்ற ஆறும் வெறுமை. பக்கத்திலிருந்த தாளில் ஒரு பெண்ணின் படம். எங்கோ தூர நாட்டு மலைக்கிராமப் பள்ளிக்கூடத்து ஆசிரியை. தன் கிராமத்தின் உண்மையான வாக்கு எண்ணிக்கையைச் சுவரில் ஒட்டியதற்காக அடைபட்டவள்.

அமலினி ஈரத்துணியை வாளியில் போட்டாள். கையை நன்றாகத் துடைத்தாள். கதிரையின் நுனியில் குந்தி, தாளின் அடியில் மாதிரியாகக் கொடுத்திருந்த நான்கு வரிகளை எழுத்தெழுத்தாகப் பார்த்து ஏழு அட்டையிலும் எழுதினாள். கெட்டுப்போன முதலாவதுக்குப் பதில் சமையலறை மேசையின் இழுப்பு லாச்சியிலிருந்து வேறொன்று எடுத்தாள். மூன்றாவதை எழுதும்போது அவளுடைய விரலும் வலித்தது. அனுப்புநர் இடத்தில் சிஞ்ஞோராவின் பெயரை எழுதினாள்.

செருப்புச் சத்தம் கேட்காதபடி படியிறங்கி, சந்தை மூலையிலிருந்த சிவப்புத் தபால்பெட்டியில் ஏழையும் போட்டுவிட்டு வந்தாள். எழுதி முடித்த தாள்களைச் சிஞ்ஞோரா சேர்த்துவைக்கும் நீலக் கோப்புக்குள் அந்தத் தாளையும் மடித்து வைத்தாள்.

உள்ளேயிருந்து மெல்லிய குறட்டை கேட்டுக்கொண்டிருந்தது. அமலினி துணியைப் பிழிந்து, மேசையின் மிச்சத்தைத் துடைத்தாள்.